ஓரம் கருகாத துணிப்பூ: சட்டைக்கும் பைக்கும் கொண்டை க்ளிப்புக்கும்

தீயில் வாட்டிச் செய்யும் பூ அழகாக வருவதும் கரிக்கட்டையாவதும் துணியைப் பொறுத்தது. சாட்டின் என்பது நெசவின் பெயர். அதே பளபளப்பில் பாலியஸ்டர் நூலும் இருக்கும், விஸ்கோஸும் (மரக்கூழிலிருந்து எடுக்கும் நூல்) இருக்கும், பட்டும் இருக்கும். இதில் பாலியஸ்டர் மட்டும்தான் சூட்டில் உருகி ஓரம் அடைத்துக்கொள்ளும். மற்ற இரண்டும் எரிந்துவிடும். தொட்டுப் பார்த்துக் கண்டுபிடிப்பது கஷ்டம், எரித்துப் பார்த்தால் நொடியில் தெரிந்துவிடும்.

எரித்துப் பார்ப்பது

இரண்டு செ.மீ. அகலத்தில் ஒரு துண்டு வெட்டி, இடுக்கியால் பிடித்து, எவர்சில்வர் தட்டுக்கு மேலே தீயில் காட்டுங்கள். சட்டென்று சுருங்கி, உருகி, ஆறியதும் கெட்டி மணியாகத் திரண்டால் பாலியஸ்டர் அல்லது நைலான், இரண்டுமே இந்தப் பூவுக்கு ஆகும். காகிதம் போல எரிந்து சாம்பலாக உதிர்ந்தால் பருத்தி அல்லது விஸ்கோஸ். முடி கருகும் வாடை வந்தால் பட்டு. கொஞ்சம் உருகி, கொஞ்சம் சாம்பலானால் கலப்புத் துணி. அதன் ஓரம் எப்படி வாட்டினாலும் சொரசொரப்பாகக் கறுக்கும் என்பதால் தீ வேலைக்கு எடுக்காதீர்கள்.

வெட்டுவது

அட்டையில் 9, 8, 7, 6, 5 செ.மீ. குறுக்களவில் ஐந்து வட்ட அச்சு. ஒவ்வொன்றிலும் இரண்டாக மொத்தம் பத்து வட்டம். வட்டம் கச்சிதமாக வரவேண்டியதில்லை, தீயில் எப்படியும் இரண்டு மூன்று மி.மீ. சுருங்கிவிடும். சாட்டின் வழுக்கும், நான்கைந்து மடிப்பாக வைத்து வெட்டினால் அடியில் இருப்பது கோணிவிடும். இரண்டு மடிப்புக்கு மேல் வேண்டாம்.

பிறகு ஒவ்வொரு வட்டத்திலும் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஐந்து கீறல். நடுவில் 2 செ.மீ. வெட்டாமல் விடுங்கள், சின்ன வட்டத்தில் ஒன்றரை செ.மீ. போதும். இதழின் கூர்மையான மூலைகளைக் கத்தரித்து வளைத்துவிடுங்கள். கீறல் போடுவது வாட்டுவதற்கு முன்புதான். முதலில் வட்டத்தை வாட்டிவிட்டு அப்புறம் கீறினால், கீறிய இடம் அடைபடாமல் நின்று நாலு நாளில் நூல் பிரியும்.

கத்தரிக்கோல் துணிக்கென்று தனியாக இருக்கட்டும். காகிதம் வெட்டி மழுங்கியது துணியை மென்று விடும், ஓரத்தில் மெல்லிய பிசிறு நிற்கும். தீயில் முதலில் பற்றுவது அந்தப் பிசிறுதான். இதழ் ஓரத்தில் கறுப்புப் புள்ளிகள் வந்தால் தீயைக் குறை சொல்வதற்கு முன் கத்தரிக்கோலைப் பாருங்கள்.

வாட்டுவது

பலரும் சறுக்கும் இடம் இது. உயர மெழுகுவத்தியைவிட, கிண்ணத்தில் வரும் குட்டை மெழுகுவத்தியையே நான் சிபாரிசு செய்வேன். சாயாது, தீயும் சிறியது. திரி அரை செ.மீ.க்கு மேல் நீண்டிருந்தால் கத்தரித்துவிடுங்கள். நீண்ட திரி புகை கக்கும்.

தீயின் நுனியிலும் மஞ்சள் பகுதியிலும் எரிந்து தீராத கரித்துகள் இருக்கிறது. துணி அங்கே பட்டால் ஓரம் கறுக்கும். துணி எரிந்துவிட்டது என்று நினைப்போம், உண்மையில் பாதி நேரம் அது படிந்த கரிதான். அதனால் துணியை மேலிருந்து இறக்காமல் பக்கவாட்டில், திரிக்கு அருகே நீலமாகத் தெரியும் அடிப்பகுதியின் மட்டத்துக்குக் கொண்டுபோங்கள். ஒன்றரை செ.மீ. தூரத்தில் தொடங்கி மெதுவாக நெருங்குங்கள். ஓரம் மட்டும் தீயைப் பார்த்திருக்க, இதழைத் திருப்பிக்கொண்டே போகவேண்டும். ஒரே இடத்தில் நிறுத்தினால் அங்கே ஓட்டை.

கண்ணை ஓரத்திலேயே வையுங்கள். முதலில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் முனைகள் உள்ளே இழுத்துக்கொள்ளும். அடுத்து ஈரம் பட்டது போல ஒரு மெல்லிய கோடு மினுங்கும். அந்தக் கணத்தில் விலக்கிவிடுங்கள். கை விலகிய பிறகும் சூடு கொஞ்ச நேரம் உள்ளே நிற்கும், இதழ் தானாகவே இன்னும் கொஞ்சம் வளையும். போதுமான அளவு வளையட்டும் என்று தீயிலேயே காத்திருந்தால் அளவு தாண்டிவிடும்.

கீறல்களை வாட்டும்போது பக்கத்துப் பக்கத்து இதழ்களை விரலால் ஒன்றை மேலேயும் ஒன்றைக் கீழேயும் பிரித்துப் பிடியுங்கள். சேர்ந்திருந்தால் இரண்டு ஓரமும் உருகி ஒட்டிக்கொள்ளும். எந்தப் பக்கம் சுருளும் என்பது துணிக்குத் துணி மாறும். வெட்டு மீதியில் பார்த்துவிட்டு, பளபளப்பான பக்கம் உள்ளே குழியும்படி பிடித்துக்கொள்ளுங்கள். ஆர்கன்சா மிக மெல்லியது, அதை இரண்டு மடங்கு தூரத்திலேயே வாட்டலாம். வெள்ளைத் துணியில் கரி சட்டென்று தெரியும். முதல் பூவுக்கு அடர்ந்த நிறமே நல்லது.

மின்விசிறியை நிறுத்துங்கள், ஜன்னல் திறந்திருக்கட்டும், முடியைக் கட்டிக்கொள்ளுங்கள், பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர். உருகிய பாலியஸ்டர் தோலில் ஒட்டினால் பிய்க்காமல் ஓடும் தண்ணீரில் காட்டுங்கள்.

அடுக்கித் தைப்பது

பெரியது அடியில், சின்னது மேலே. கீழ் அடுக்கின் கீறலுக்கு நேராக மேல் அடுக்கின் இதழ் நடு வரவேண்டும். இரட்டை நூலில் அடியிலிருந்து ஊசியை ஏற்றி, மூன்று மி.மீ. தள்ளி இறக்குங்கள். அடுத்த தையல் அதற்குக் குறுக்கே, கூட்டல் குறி போல. ஒரே துளையில் ஏற்றி இறக்கினால் அந்த நூலையே அச்சாக வைத்து அடுக்குகள் சுழலும், உடுத்திய அரை மணி நேரத்தில் இதழ்கள் ஒன்றின் மேல் ஒன்று போய் உட்கார்ந்துவிடும். நடுவில் 4 மி.மீ. முத்து ஏழெட்டு நெருக்கமாக வைத்தால் தையல் மறையும். ஒரே பெரிய முத்து எனக்குப் பிடிப்பதில்லை, பூ பொத்தான் போல ஆகிவிடுகிறது.

பருத்திக்கும் பட்டுக்கும்

தீயே வேண்டாம். கிராஸாக, அதாவது பாவு (நீளவாக்கு நூல்), ஊடை (குறுக்கு நூல்) இரண்டுக்கும் 45 டிகிரி சாய்வில் வெட்டிய பட்டையைச் சுருட்டி ரோஜா செய்யலாம். நேராக வெட்டிய ஓரத்தில் நூல் முழு நீளத்துக்கும் உருவி வரும். சாய்வாக வெட்டினால் அப்படி உருவ வழியில்லை, பட்டையும் இழுத்த இழுப்புக்கு வளையும். 45 செ.மீ. சதுரத் துணியின் மூலையிலிருந்து எதிர்மூலைக்கு 6 செ.மீ. அகலத்தில் வெட்டினால், முனை கூம்பிய பட்டை சுமார் 60 செ.மீ. நீளத்துக்குக் கிடைக்கும். நீளவாக்கில் இரண்டாக மடியுங்கள், இஸ்திரி போடாதீர்கள். மடிப்பு உப்பலாக இருந்தால்தான் இதழ் போலத் தெரியும்.

மடிப்பு மேலே இருக்க, ஒரு முனையிலிருந்து மூன்று சுற்று இறுக்கமாகச் சுருட்டினால் மொட்டு. அடியில் தைத்துவிடுங்கள். அதன்பின் பட்டையை வெளிப்பக்கம் ஒருமுறை முறுக்கி அரைச் சுற்று, மறுபடி முறுக்கி அரைச் சுற்று. ஒவ்வொரு முறுக்குக்கும் அடியில் ஒரு தையல். கடைசியில் சேர்த்துத் தைத்துக்கொள்ளலாம் என்று விட்டால் மொட்டு நடுவிலிருந்து புடைத்துக்கொண்டு வெளியே வரும்.

பின்புறம்

ஃபெல்ட் துணியில் 3 செ.மீ. வட்டம் வெட்டி, அதில் ஊக்கையோ ப்ரூச் பின்னையோ முதலில் தைத்துவிட்டு, அப்புறம் பூவின் அடியில் வைத்துச் சுற்றிலும் தையுங்கள். ஊக்கு நடுவில் வேண்டாம், மேல் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் இருக்கட்டும். நடுவில் குத்தினால் பூவின் தலை முன்பக்கம் கவிழும். ஷிஃபான் போன்ற மெல்லிய உடையில் குத்தும்போது உள்பக்கம் ஒரு சின்னத் துணி வட்டத்தையும் சேர்த்துக் குத்துங்கள், துணி இழுபடாது. க்ளிப்பில் வைப்பதானால் உலோகத்தின் மேல் ரிப்பன் சுற்றி, அந்த ரிப்பனோடு பூவைத் தைக்கவேண்டும். வழவழப்பான உலோகத்தில் பசை மட்டும் ரொம்ப நாள் தாங்காது.

க்ளூ கன் வேகமானதுதான். ஆனால் அதன் பசை இஸ்திரிச் சூட்டில் இளகி, மெல்லிய துணியில் கறையாக ஊறும். உடையில் போகும் பூவுக்கு நூல்தான் என் தேர்வு.

பின்சேர்க்கை

துவைத்ததும் பூ சப்பையாகிவிடுகிறது என்றால் அது உடையோடு நிரந்தரமாகத் தைக்கப்பட்டிருக்கும். ஃபெல்ட் வட்டத்திலும் உடையிலும் டிச் பட்டன் வைத்தால் துவைக்குமுன் கழற்றிவிடலாம். நசுங்கிய பூவை ஆவியில் ஒரு சாண் தூரத்தில் இடுக்கியால் பிடித்து, சூடு தணிந்ததும் விரலால் இதழை நிமிர்த்துங்கள். வெளிர் நிற உடைக்குப் பருத்திப் பூ செய்யுமுன், அந்தத் துணியில் ஒரு சின்னத் துண்டை நனைத்து வெள்ளைத் துணிக்கு நடுவே அழுத்திச் சாயம் போகிறதா என்று பாருங்கள். நிறம் இறங்கினால் பூவுக்கான துணியைத் தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசிக் காயவைத்த பிறகே வெட்டவேண்டும்.