மேலாண்மைத் தகவல் அமைப்பை நிறுவும்போது எங்கிருந்து தொடங்குவது?

மேலாண்மைத் தகவல் அமைப்பு ஒன்று வேண்டும் என்று தீர்மானித்த உடனே பல நிறுவனங்கள் மென்பொருள் விற்பவர்களை அழைத்துப் பேசத் தொடங்கிவிடுகின்றன. அன்றாடப் பதிவுகளைத் திரட்டி, ஒழுங்குபடுத்தி, முடிவெடுப்பவரின் கையில் உரிய நேரத்தில் சேர்ப்பதுதான் இந்த அமைப்பின் பணி. ஆகவே யார், எந்த முடிவை, எத்தனை நாளுக்கு ஒருமுறை எடுக்கிறார் என்பதை எழுதி முடிக்கும்வரை மென்பொருளைப் பற்றிப் பேசவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

அப்படி எழுதுவதற்கு, நிர்வாக வேலைகளை மேலாண்மைத் துறைப் பேராசிரியர் ராபர்ட் ஆண்டனி 1965இல் மூன்று நிலைகளாகப் பிரித்துக் காட்டிய முறை இன்றும் கைகொடுக்கிறது. அன்றாடச் செயற்பாட்டு நிலையில் இருக்கும் கிடங்கு மேற்பார்வையாளருக்கு இன்றைய கையிருப்பு துல்லியமாகத் தெரிய வேண்டும். இடைநிலையில் உள்ள துறைத் தலைவருக்குத் திட்டமிட்ட செலவுக்கும் உண்மையில் ஆன செலவுக்கும் உள்ள வேறுபாடு மாதந்தோறும் கிடைத்தால் போதும். புதிய கிளை திறக்கலாமா என்று ஆலோசிக்கும் இயக்குநர்களுக்கோ பல ஆண்டுகளின் போக்கும் வெளிச்சந்தையின் நிலவரமும் வேண்டும். அங்கே எண்கள் சற்றுத் தோராயமாக இருந்தாலும் பாதகமில்லை.

மேலாளர்களிடம் "உங்களுக்கு என்ன தகவல் வேண்டும்?" என்று நேராகக் கேட்டால், எதையும் விட்டுவிடக் கூடாது என்ற அச்சத்தில் எல்லாவற்றையும் கேட்பார்கள். மேலாளர்களை வாட்டுவது தகவல் பற்றாக்குறையைவிடத் தேவையற்ற தகவலின் பெருக்கமே என்று மேலாண்மை அறிஞர் ரஸ்ஸல் அக்காஃப் 1967லேயே எச்சரித்தார். எனவே கேள்வியை மாற்றிக் கேளுங்கள்: சென்ற மாதம் நீங்கள் எடுத்த கடினமான முடிவு எது, அப்போது எந்த விவரம் கையில் இல்லாமல் தவித்தீர்கள்? இதற்குக் கிடைக்கும் பதில்களிலிருந்தே அறிக்கைகளின் முதல் பட்டியல் உருவாகிவிடும்.

அடுத்து வருவது சொற்களின் பொருளை வரையறுக்கும் வேலை. பெரும்பாலான அமைப்புகள் தடுமாறுவது இங்கேதான் என்பதால் இதற்குத் தாராளமாக நேரம் ஒதுக்குங்கள். 'விற்பனை' என்ற ஒரே சொல்லை, ஆர்டர் வந்த நாளை வைத்து விற்பனைப் பிரிவும், சரக்கு வெளியேறிய நாளை வைத்துக் கிடங்கும், பில் போட்ட நாளை வைத்துக் கணக்குப் பிரிவும் புரிந்துகொண்டால், ஒரே மாதத்திற்கு மூன்று தொகைகள் வரும். மூன்றும் அவரவர் அளவில் சரியாகவே இருக்கும். எந்தத் தொகை எந்த அறிக்கையில் எந்தப் பெயரில் வரும் என்பதைச் சம்பந்தப்பட்ட பிரிவுகள் ஒன்றாக உட்கார்ந்து எழுதிக் கையெழுத்திட வேண்டும். ஒரு பொருளுக்கு ஒரே குறியீடு, ஒரு வாடிக்கையாளருக்கு ஒரே எண் என்பதையும் அந்தக் கூட்டத்திலேயே முடிவு செய்துவிடுங்கள்.

ஒரு தரவு எங்கே பிறக்கிறதோ அங்கேயே, ஒரே ஒருமுறை பதிவாக வேண்டும். காகிதத்தில் எழுதி, பிறகு வேறொருவர் கணினியில் ஏற்றினால் பிழையும் தாமதமும் சேர்ந்தே வரும். பதிவு செய்யும் ஊழியருக்கும் அதனால் ஏதேனும் பயன் இருக்கும்படி வடிவமைப்பது மிக முக்கியம்: தன் பிரிவின் நிலுவைப் பட்டியலை அதே திரையில் பார்க்க முடிகிறவர் அக்கறையோடு பதிவு செய்வார், மேலிடத்திற்காக மட்டும் எண்களை நிரப்புகிறவரிடம் அதே அக்கறையை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

அறிக்கைகளில் விதிவிலக்குகளுக்கு முதலிடம் கொடுங்கள். உரிய நேரத்தில் சென்று சேர்ந்த நூற்றுக்கணக்கான டெலிவரிகளின் பட்டியலைவிட, இரண்டு நாளுக்கு மேல் தாமதமான பத்து டெலிவரிகளின் பட்டியலே மேலாளரைச் செயல்பட வைக்கும்.

புதிய அமைப்பு இயங்கத் தொடங்கியதும் பழைய கணக்கை உடனே நிறுத்திவிடாமல், குறைந்தது ஒரு மாத இறுதிக் கணக்கு முடியும்வரை இரண்டையும் இணையாக நடத்தி, வேறுபாடு ஒவ்வொன்றுக்கும் காரணம் கண்டுபிடியுங்கள். யார் எதைப் பார்க்கலாம், யார் எதைத் திருத்தலாம் என்ற அனுமதிகளையும் இதே காலத்தில் சோதிக்கலாம். காப்பு நகல் எடுத்தால் மட்டும் போதாது, அதிலிருந்து தரவை மீட்க முடிகிறதா என்பதையும் ஒருமுறை செய்து பார்த்துவிடுங்கள். மூன்று மாதங்கள் சென்றபின், எந்தெந்த அறிக்கையை யார் திறந்து பார்த்தார்கள் என்று கணக்கெடுங்கள். எவரும் திறக்காத அறிக்கையை, அதைக் கேட்டவரிடம் ஒரு சொல் சொல்லிவிட்டு, நிறுத்திவிடலாம்.