உறைபனி போன பிறகு தக்காளி: நான் நடும் முறை

வசந்தத்தில் நாலு நாள் தொடர்ந்து நல்ல வெயில் அடித்துவிட்டால் கை பரபரக்கத் தொடங்கிவிடும். ஜன்னலோரத்தில் தக்காளி நாற்றுகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கும். ஒரு வருடம் அந்தப் பரபரப்புக்கு இடம் கொடுத்து 14 நாற்றுகளைத் தோட்டத்தில் நட்டுவிட்டேன். மூன்றாம் நாள் இரவு வானம் துடைத்துவிட்டதுபோல் தெளிவாக இருந்தது, காற்றே அசையவில்லை. விடிந்ததும் போய்ப் பார்த்தால், இலைகள் வெந்நீரில் முக்கி எடுத்தவைபோலக் கரும்பச்சையாகத் துவண்டு கிடந்தன. வெயில் ஏற ஏற அப்படியே கறுத்துச் சுருண்டன. இலைக்குள் இருக்கும் நீர் உறைந்து செல்களைக் கிழித்துவிட்டால் பிறகு எந்த உரத்தாலும் மீட்க முடியாது. இரண்டு மாதம் பிள்ளைபோல வளர்த்தவை அவை.

அதற்குப் பிறகு தேதியை மட்டும் நம்பி நான் நடுவதில்லை. ஒவ்வோர் ஊருக்கும் 'கடைசி உறைபனித் தேதி' என்று ஒன்றைச் சொல்வார்கள். பெரும்பாலும் அது பல ஆண்டுகளின் சராசரிதான். ஏறக்குறைய பாதி ஆண்டுகளில் அந்தத் தேதிக்குப் பிறகும் உறைபனி விழும் என்பதுதான் அதன் பொருள். அந்தத் தேதியிலிருந்து இன்னும் 2 வாரம் தள்ளிப் போடுங்கள். விதையையும் அதற்கேற்ப, நடும் நாளுக்கு 6 முதல் 8 வாரம் முன்னதாக வீட்டுக்குள் போட்டால் போதும்.

தேதியைவிட மண் சொல்வதே எனக்கு முக்கியம். ஒரு மண் வெப்பமானியை 10 செ.மீ. ஆழத்தில் குத்தி, காலையில் பாருங்கள்; மதிய வெயிலில் பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள். நாலைந்து நாள் தொடர்ந்து 16 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும். இரவுக் குளிரும் 10 டிகிரிக்குக் கீழே போகக் கூடாது. குளிர்ந்த மண்ணில் வேர் வேலை செய்யாது. செடி சாகாமல் இருக்கும், ஆனால் வளராமல் முடங்கிக் கிடக்கும். இலையின் அடிப்புறம் ஊதா நிறமாக மாறுவது, வேரால் பாஸ்பரஸை எடுக்க முடியவில்லை என்பதன் அடையாளம். சில்லிட்ட மண்ணில் முந்தி நட்ட செடியை, இரண்டு வாரம் பிந்திச் சூடான மண்ணில் நட்ட செடி தாண்டிப் போவதை என் தோட்டத்தில் பலமுறை பார்த்திருக்கிறேன். காத்திருக்கவே முடியவில்லை என்றால், பாத்தியைக் கறுப்புப் பிளாஸ்டிக் விரிப்பால் மூடி வையுங்கள். மண் சீக்கிரம் சூடேறும்.

காத்திருக்கும் நாட்களில் நாற்றை வெளிக்காற்றுக்குப் பழக்க வேண்டும். இதை விட்டுவிட்டு நேரே வெயிலில் வைத்தால், வீட்டுக்குள் வளர்ந்த மெல்லிய இலைகள் ஒரே நாளில் வெளிறிக் காகிதம்போல் காய்ந்துவிடும். முதல் நாள் நிழலில் ஒரு மணி நேரம் போதும். பிறகு நாளுக்கு நாள் நேரத்தைக் கூட்டி, காலை வெயிலையும் சிறிது காற்றையும் காட்டுங்கள். 7 முதல் 10 நாளில் தண்டு தடித்து, இலை கொஞ்சம் முரடாகும். அப்போது செடி தயார்.

நட வேண்டிய இடம் நாளெல்லாம் வெயில் படுவதாக இருக்கட்டும். குறைந்தது 6 மணி நேரம். கடந்த மூன்று ஆண்டுகளில் தக்காளியோ அதன் உறவான கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கோ இருந்த பாத்தியைத் தவிர்ப்பது நல்லது. நோய்கள் மண்ணிலேயே தங்கியிருக்கும். நன்கு மக்கிய உரம் இரண்டு கை போதும். தழைச்சத்தை அள்ளிக் கொட்டினால் இலைதான் காடாக வளரும்.

இனி நடுவது. மாலை நேரமோ மேகமூட்டமான நாளோ நல்லது. நாற்றின் தண்டைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் உற்றுப் பாருங்கள். மெல்லிய ரோமங்களுக்கு நடுவே, அடிப்பகுதியில் சிறுசிறு வெள்ளை முண்டுகள் தெரியும். மண் பட்டால் அவை வேராகும். காய்கறிச் செடிகளில் தக்காளிக்கு வாய்த்த பெரும் வரம் இது. அதனால் கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, தண்டில் மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் போகும்படி நான் நடுகிறேன். நெடுநெடுவென்று வளர்ந்துவிட்ட நாற்றா? ஆழக் குழி வேண்டாம், அடிமண் குளிர்ந்திருக்கும். சாய்வாக ஒரு சிறு வாய்க்கால் கீறி, தண்டைப் படுக்கவைத்து, நுனியை மட்டும் மெதுவாக நிமிர்த்தி மண் அணையுங்கள். இரண்டு நாளில் அது தானாகவே நேராகிவிடும். ஒட்டு நாற்றாக இருந்தால் மட்டும் ஒட்டுப் பகுதி மண்ணுக்கு மேலே இருக்க வேண்டும்.

செடிக்குச் செடி 60 செ.மீ. விடுங்கள். ஊன்றுகோலை அன்றே நட்டுவிடுங்கள்; பிறகு அடித்தால் வேர் அறுபடும். நட்டதும் தூரில் நிதானமாக, மண் இறங்கிப் படியும்வரை தண்ணீர் ஊற்றுங்கள்.

நட்டுவிட்டோம் என்று முதல் இரண்டு வாரம் அயர்ந்துவிடாதீர்கள். வானிலை அறிவிப்பில் 3 டிகிரி என்று சொன்னாலும் தரையோரத்தில் உறைபனி படியலாம். அந்த அளவு தலை உயரத்தில் எடுத்தது. மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரை அதைவிட அதிகமாகக் குளிரும். அப்படிப்பட்ட மாலையில் சூரியன் மறையும் முன்பே பழைய போர்வையைக் குச்சிகளின் மேல் போட்டு, ஓரம் தரையைத் தொடும்படி இழுத்துவிடுங்கள். பகலில் மண் வாங்கிய சூடு உள்ளேயே நிற்கும். பிளாஸ்டிக் மட்டும் என்றால் இலையில் படக் கூடாது. பட்ட இடம் கருகும். காலையில் குளிர் விட்டதும் எடுத்துவிடுங்கள்.

வைக்கோல் மூடாக்கை நட்ட அன்றே போடாதீர்கள். அது மண் சூடேறுவதைத் தடுக்கும். நுனியில் இளம்பச்சையாக ஒரு புது இலை விரியும்வரை பொறுங்கள். வேர் பிடித்துவிட்டது என்று செடியே காட்டும் அடையாளம் அது. அந்த வாரமும் காலை மண் சூடாகவே இருந்தால், தண்டை ஒட்டாமல் கொஞ்சம் இடம் விட்டு வைக்கோலைப் பரப்பலாம்.