எஃப்1 அழுத்தினால் சரியான பக்கம் திறக்க

விண்டோஸ் செயலிக்கு உதவிக் கோப்பு செய்யும்போது உடனே எழுத உட்காராதீர்கள், முதலில் ஒவ்வொரு திரைக்கும் ஓர் எண் கொடுத்துப் பட்டியல் போடுங்கள். பிரிண்ட் திரைக்கு 1020 என்றால் கடைசி வரை அது 1020தான். நிரலில் ஒன்று, உதவியில் ஒன்று என்று ஆகிவிட்டால் பயனர் பாவம், சம்பந்தமே இல்லாத பக்கத்தில் போய் நிற்பார்.

அப்புறம் தலைப்புக்கு ஒரு ஹெச்டிஎம்எல் பக்கம் எழுதி, மைக்ரோசாஃப்டின் உதவிக் கோப்புக் கருவியான ஹெச்டிஎம்எல் ஹெல்ப் வொர்க்‌ஷாப்பில் சேர்த்து, ப்ராஜெக்ட் கோப்பின் அலையஸ் பகுதியில் ஒரு பெயரைப் பக்கத்தோடும், மேப் பகுதியில் அதே பெயரை எண்ணோடும் இணைத்து கம்பைல் செய்தால் சிஹெச்எம் என்ற வகை உதவிக் கோப்பு தயார்.

செயலியை விண்டோஸ் ஃபார்ம்ஸில் (டாட்நெட்டில் திரைகளை உருவாக்கும் நூலகம்) எழுதியிருந்தால் வேலை சுலபம். ஃபார்மில், அதாவது திரையில், ஹெல்ப்ப்ரொவைடர் என்ற உறுப்பைப் போட்டு, ஹெல்ப்நேம்ஸ்பேஸில் கோப்பின் பாதை, ஹெல்ப்நேவிகேட்டரில் டாபிக்ஐடி, ஹெல்ப்கீவேர்டில் 1020 என்று கொடுங்கள், எஃப்1 தானாக வேலை செய்யும்.

சரி, உதவிக் கோப்பைத் திறந்தால் இடப்பக்கம் பொருளடக்கம் தெரிகிறது, வலப்பக்கம் மட்டும் காலியாக இருக்கிறதா? நிரலைத் துருவும் முன் இதைப் பாருங்கள்: இணையத்திலிருந்து இறக்கிய கோப்பை விண்டோஸ் தடுத்திருக்கலாம், ப்ராப்பர்ட்டீஸில் அன்பிளாக் கொடுங்கள். நெட்வொர்க் டிரைவில் இருந்தாலும் இதே கதைதான், அப்போது கோப்பைக் கணினிக்கே நகலெடுத்துத் திறக்க வேண்டும்.