பழைய மரம் அறுக்கும் மெஷின்: வாங்குவதும் வீட்டு கரண்டில் ஓட்டுவதும்

கோவைப் பக்கம் ஒரு மரப்பட்டறையை மூடினால், அங்கிருக்கும் வார்ப்பிரும்பு சர்க்குலர் சா (வட்ட ரம்ப மெஷின்) பல நேரம் எடைக்குத்தான் போகும். அந்தக் காசுக்குப் புதிதாக வாங்கினால் தகரக் காலில் நின்று அலறும் டேபிள் சாதான் கிடைக்கும். வீட்டுப் பட்டறைக்குப் பழசே மேல் என்பது என் கட்சி. சிக்கல் கரண்டில்: மெஷினில் இருப்பது 415 வோல்ட் த்ரீ பேஸ் மோட்டார், நிறைய வீடுகளில் இருப்பது 230 வோல்ட் சிங்கிள் பேஸ். அதனால் விலை பேசும் முன்பே மோட்டாரைப் பாருங்கள்.

1. மோட்டாரின் விவரத் தகட்டைப் படியுங்கள்

தூசியைத் துடைத்து ஹெச்பி, வோல்ட், ஆம்ப், ஆர்பிஎம், கனெக்‌ஷன் ஐந்தையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். 12 அங்குல பிளேடுக்கு 3 ஹெச்பி தாராளம். கனெக்‌ஷன் இடத்தில் '415 ஸ்டார்' என்று இருந்து (ஸ்டார், டெல்டா இரண்டும் மோட்டாரின் உள் சுருள்களை இணைக்கும் முறைகள்), டெர்மினல் பெட்டியில் ஆறு முனைகளும் வெளியே வந்திருந்தால் யோகம்தான். அந்த முனைகளை இணைக்கும் லிங்க் பட்டைகளை டெல்டாவுக்கு மாற்றினால் அதே மோட்டார் 240 வோல்ட் த்ரீ பேஸில் ஓடும். அந்த த்ரீ பேஸை, மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியான விஎஃப்டி டிரைவ் சிங்கிள் பேஸிலிருந்தே கொடுத்துவிடும்.

'415 டெல்டா' என்றிருந்தால் இந்த வழி அடைபடும். 5 ஹெச்பியும் அதற்கு மேலும் பெரும்பாலும் அப்படித்தான். ஒன்று, த்ரீ பேஸ் கனெக்‌ஷன் வாங்க வேண்டும்; இல்லையென்றால் மோட்டாரைக் கழற்றிவிட்டு சிங்கிள் பேஸ் மோட்டார் மாட்ட வேண்டும். அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

2. மெஷினைச் சோதியுங்கள்

பெல்ட்டைக் கழற்றி, பிளேடு மாட்டும் தண்டான ஆர்பரைக் கையால் சுற்றுங்கள். கரகரத்தால் பேரிங் போயிருக்கிறது. அது சின்னச் செலவு, பயப்பட வேண்டாம். ஆர்பரே வளைந்திருந்தால் விட்டுவிடுங்கள். நுண்ணிய அசைவை அளக்கும் டயல் கேஜ் இல்லாவிட்டால், பிளேடு அணைந்து நிற்கும் வட்டத் தகடான ஃபிளாஞ்சை ஒட்டி ஒரு பென்சில் முனையை அசையாமல் பிடித்து, ஆர்பரைச் சுற்றிப் பாருங்கள். இடைவெளி கூடிக் குறைகிறதா என்று கண்ணுக்கே தெரியும். மேசைத் துரு தேய்த்தால் போய்விடும், வார்ப்பில் விரிசல் போகாது. பிளேடு கவரும், அறுத்த பிளவு மூடி பிளேடைக் கவ்வாமல் பின்னால் நிற்கும் பிளவுக் கத்தியும் பழைய மெஷின்களில் அநேகமாக இருக்காது. இரண்டையும் செய்து மாட்டும்வரை அறுக்காதீர்கள். மோட்டாரை, இன்சுலேஷனை அளக்கும் மெகர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் அப்படியே ஓட்டக்கூடாது.

புல்லி கணக்கையும் போட்டுப் பாருங்கள். 2880 ஆர்பிஎம் மோட்டாரில் 5 அங்குலம், ஆர்பரில் 4 அங்குலம் என்றால் பிளேடு 3600-ல் சுற்றும். வாங்கும் பிளேடில் அச்சிட்ட உச்ச வேகம் அதற்கு மேல் இருக்க வேண்டும்.

3. வீட்டுக்குக் கொண்டுவருதல்

மோட்டாரையும் மேசையையும் தனித்தனியாகக் கழற்றினால் குட்டியானை போதும். இறக்க செயின் பிளாக் வாடகைக்கு எடுங்கள்.

4. கரண்ட் கொடுத்தல்

வீட்டில் த்ரீ பேஸ் இருந்தால் லிங்க்கை ஸ்டாரிலேயே விட்டு மோட்டாரை நேரடியாக லைனில் கிளப்பும் டிஓஎல் ஸ்டார்ட்டரும், ஒரு பேஸ் போனால் மோட்டாரை நிறுத்தும் சிங்கிள் பேஸிங் பிரிவென்டரும் போட்டால் வேலை முடிந்தது. கிணற்று மோட்டாருக்குச் செய்வதுபோல் கண்டன்சர் வைத்து ரெண்டு பேஸில் ஓட்டலாமே என்று யாராவது சொல்வார்கள். அறுக்கிற லோடில் மோட்டார் சூடாகிக் கருகும், வேண்டாம்.

சிங்கிள் பேஸ் என்றால் 3 ஹெச்பி மோட்டாருக்கு 2.2 கிலோவாட் விஎஃப்டி, சிங்கிள் பேஸ் இன்புட் வகையாகக் கேட்டு வாங்குங்கள். வீட்டு லைனிலிருந்து அது 20 ஆம்பையும் தாண்டி இழுக்கும் என்பதால் ஏசிக்குப் போட்ட 16 ஆம்ப் பிளக் தாங்காது. டிபியிலிருந்து (வீட்டின் மின் பங்கீட்டுப் பெட்டி) 32 ஆம்ப் எம்சிபி, குறைந்தது 4 ஸ்கொயர் எம்எம் காப்பர் வயர், தனி எர்த் என்று லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை வைத்து இழுங்கள். கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் ஆர்சிசிபி அடிக்கடி விழுந்தால் அதை நீக்கிவிடாமல் டிரைவுக்கு ஏற்ற வகையை மாட்டச் சொல்லுங்கள். பழைய ஸ்டார்ட்டரை டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவே வைக்கக்கூடாது, டிரைவ் செத்துவிடும். ஸ்டார்ட், ஸ்டாப், எமர்ஜென்சி பட்டன் எல்லாம் டிரைவின் கன்ட்ரோல் முனைகளுக்கே போகட்டும்.

காசு வாங்கி வேலை செய்யப்போகிறீர்கள் என்றால் வீட்டுக் கனெக்‌ஷனில் ஓட்ட முடியாது. முதலில் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

5. செட்டிங், முதல் ஓட்டம்

டிரைவில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் போடுங்கள். ஆம்பைக் கவனியுங்கள்: மோட்டார் தகட்டில் ஸ்டாருக்கு 4.8 இருந்தால் டெல்டாவுக்கு அதை 1.73-ஆல் பெருக்கி 8.3 போட வேண்டும். வேகம் பிடிக்க 5 நொடி கொடுங்கள், நிற்க அதற்கு மேல். சட்டென்று நிறுத்தினால் டிரைவ் ஓவர் வோல்டேஜ் காட்டும், ஆர்பர் நட்டும் கழலப் பார்க்கும். ஆட்டோ ரீஸ்டார்ட்டை ஆஃப் செய்யுங்கள். கரண்ட் போய் வந்ததும் ரம்பம் தானாகச் சுழலக்கூடாது, நம்ம ஊரில் இது முக்கியம்.

முதல் ஓட்டம் பிளேடு மாட்டாமல். பிளேடு மாட்டியபின் மேலே தெரியும் பல் உங்களை நோக்கி வரும் திசையில் ஆர்பர் சுற்ற வேண்டும். மாறிச் சுற்றினால் கரண்டை நிறுத்தி, டிரைவின் உள்ளே சார்ஜ் இறங்கப் பத்து நிமிடம் விட்டு, மோட்டாருக்குப் போகும் மூன்று வயரில் ஏதாவது இரண்டை இடம் மாற்றுங்கள். பிறகு பிளேடைப் போட்டு, காய்ந்த வேப்பம்பலகை ஒன்றை மெதுவாகத் தள்ளி அறுங்கள். டிரைவ் திரையில் ஆம்ப் நீங்கள் போட்ட அளவைத் தாண்டினால் தள்ளும் வேகத்தைக் குறையுங்கள், அப்படியும் இறங்காவிட்டால் பிளேடைச் சாணை பிடிக்கக் கொடுங்கள்.