கெட்டிமேளத்தில் சைலன்ட் ஷட்டர்: மிரர்லெஸ் கேமராவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத டிஜிட்டல் கேமரா) வாங்கிய புதிதில் சொந்தக்காரர் கல்யாணம் ஒன்றுக்குக் கேமராவைத் தூக்கிக்கொண்டு போனேன். மணமேடைக்குப் பக்கத்தில் டக் டக் என்று சத்தம் வேண்டாமே என்று சைலன்ட் ஷட்டரைப் போட்டுவிட்டேன். கெட்டிமேளம் முழங்கும்போது ஷட்டர் சத்தம் யார் காதில் விழப்போகிறது? அது அப்போது உறைக்கவில்லை. வீட்டுக்கு வந்து பெரிய திரையில் பார்த்தால், தாலி கட்டும் படத்தில் மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டி, சட்டை, பின்னால் திரைச்சீலை எல்லாவற்றிலும் குறுக்கே பட்டை பட்டையாக இருட்டு. முகூர்த்தத்தை இரண்டாவது தடவை நடத்தச் சொல்ல முடியுமா?

நடந்தது இதுதான். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் எரியும் சாதாரண எல்இடி நொடிக்கு 100 தடவை மங்கி மங்கி எரிகிறது. கண்ணுக்குத் தெரியாது. சைலன்ட் ஷட்டர் என்பது எலக்ட்ரானிக் ஷட்டர். சென்சாரை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கிறது. ஒரு சென்சார் முழுதாகப் படித்து முடிக்க 1/20 நொடி எடுத்துக்கொண்டால், அதற்குள் விளக்கு ஐந்து தடவை மங்கிவிடும். படத்தில் ஐந்து பட்டை. ஷட்டர் வேகத்தை 1/500 என்று வைத்தாலும் படிக்கிற நேரம் குறையாது. பலர் ஏமாறுவது இங்கேதான். 1/500 என்பது ஒவ்வொரு வரிக்கும் கிடைக்கும் வெளிச்ச நேரம், அவ்வளவே.

மண்டபத்துக்குள் மெக்கானிக்கல் ஷட்டர் (நிஜமாகத் திறந்து மூடும் திரை), முடிந்தால் வேகம் 1/100. கேமராவில் ஆன்டி ஃபிளிக்கர் இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள். விளக்கு பிரகாசமாக எரியும் கணம் பார்த்து ஷட்டரைத் திறக்கும், பதிலுக்கு பர்ஸ்ட் (பொத்தானை அழுத்திப் பிடித்துத் தொடர்ந்து எடுப்பது) வேகம் கொஞ்சம் குறையலாம். மேடைக்குப் பின்னால் இப்போது வைக்கிற எல்இடி திரை வேறு கணக்கில் துடிப்பது. அதற்கு இந்த வைத்தியம் பலிக்காது. ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்துத்தான் வேகத்தை மாற்ற வேண்டும். 2021ல் வந்த நிக்கான் இசட்9ல் மெக்கானிக்கல் ஷட்டரே கிடையாது, சோனி ஏ9 III சென்சார் முழுவதையும் ஒரே கணத்தில் படிக்கிறது என்பதெல்லாம் உண்மை. அந்த விலைக்கு வாங்கியவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம்.

அடுத்தது கண் ஃபோகஸ், அதாவது கேமராவே ஆளின் கண்ணைத் தேடிப் பிடிப்பது. இதை நான் அணைப்பதே இல்லை. ஆனால் ஃபோகஸ் பகுதியை முழு ஃபிரேமுக்கும் திறந்துவிட்டு, "அதுவே பிடித்துக்கொள்ளும்" என்று நம்புவதுதான் தவறு. ஆரத்தி எடுக்கும்போது பெண்ணுக்குப் பின்னால் பதினைந்து முகம். பெண் தலை குனிந்த அடுத்த நொடி, ஃபோகஸ் கட்டம் பின்னால் நிற்கும் சித்தியின் கண்ணுக்குத் தாவிவிடும். பகுதியைச் சின்னதாக்கி அதைப் பெண்ணின் முகத்தில் வைத்தால், அந்த வட்டாரத்துக்குள்தான் கேமரா கண்ணைத் தேடும். முகத்தைப் பதிவு செய்து முன்னுரிமை கொடுக்கும் வசதி உங்கள் மாடலில் இருந்தால், முதல் நாள் மாலையே பெண், மாப்பிள்ளை இருவரையும் பதிந்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலை.

கூட்டத்தில் நிஜமாகவே கைகொடுப்பது யாரும் பேசாத ஒன்று: ஆட்டோ ஐஎஸ்ஓவில் (வெளிச்ச உணர்வைக் கேமராவே கூட்டிக் குறைப்பது) குறைந்தபட்ச ஷட்டர் வேகம். இதை நாம் சொல்லாவிட்டால், 50 எம்எம் லென்ஸுக்கு 1/60 போதும் என்று கேமராவே முடிவு செய்துவிடலாம். அட்சதை போடும் கை 1/60க்கு நிற்குமா? மண்டபத்தில் 1/100, வெளியே ஓடியாடும் பிள்ளைகளுக்கு 1/500 என்று வைத்துவிட்டு மறந்துவிடலாம். ஐஎஸ்ஓ 6400 போய்ப் புள்ளி விழுந்தால் பிறகு சரிசெய்யலாம். அசைந்த கையை எந்த மென்பொருளாலும் நிறுத்த முடியாது. பாடிக்குள் இருக்கும் ஸ்டெபிலைசேஷனும் இதில் உதவாது. அது உங்கள் கை நடுக்கத்தைப் பார்த்துக்கொள்ளும், எதிரில் இருப்பவரின் அசைவை அல்ல.

நொடிக்கு 20 படம் எடுக்கும் பர்ஸ்ட், பறவை எடுப்பவர்களுக்கு வரம். கல்யாணத்தில் மூன்று நொடி அழுத்தினால் ஒரே மாதிரி 60 படம். ராத்திரி உட்கார்ந்து பொறுக்கப்போவது நீங்கள்தான்.

வீடியோவில் லாக் (பிறகு நிறம் திருத்துவதற்காக வெளிறிய படமாகப் பதிவது) இன்னொரு மோகம். சோனி ஏ7 IIIல் எஸ்-லாக்3 இருக்கிறது, சரி. ஆனால் அந்த கேமரா கார்டில் பதிவது 8 பிட், அதாவது நிறப்படிகள் குறைவு. அதைக் கலர் கிரேடிங்கில் இழுத்தால் வானம் படிப்படியாக உடையும். ஐஎஸ்ஓவும் 800க்குக் கீழே இறங்காது. வெயிலில் 1/50 வைத்தால் என்டி ஃபில்டர் (வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி) இல்லாமல் எல்லாம் வெளுத்துப்போகும். அன்றைக்கு ராத்திரியே வீடியோவைக் குடும்ப வாட்ஸ்ஆப்புக்கு அனுப்பப்போகிறவருக்கு லாக் எதற்கு?

ஃபூஜியின் டிஆர்400ம் (வெளிச்சமான இடங்கள் வெளுக்காமல் காக்கும் அமைப்பு) இப்படித்தான். எக்ஸ்-டி3ல் அதைப் போட்டால் ஐஎஸ்ஓ 160லிருந்து 640க்கு ஏறும். வெளிச்சத்தைக் குறைத்து எடுத்து, நிழலை மட்டும் தூக்கிக் கொடுக்கும். நேராக ஜேபெக் எடுப்பவருக்கு அருமையான வசதி. ரா (கேமரா திருத்தாத மூலக் கோப்பு) எடுத்துத் தானே திருத்துபவர் தொடவே வேண்டாம். கலர் ஸ்பேஸை (படத்தின் நிற வரம்பை) அடோபி ஆர்ஜிபிக்கு மாற்றி வைப்பவர்களும் உண்டு. அந்த ஜேபெக்கை அப்படியே ஆல்பம் அடிக்கிற லேபுக்குக் கொடுத்தால் பட்டுப்புடவை சோகையாகத் திரும்பி வரலாம்.

லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷன் பற்றி ஒரு வரி. 30 நொடி படம் எடுத்ததும் இன்னொரு 30 நொடி, ஷட்டரை மூடிக்கொண்டு கறுப்புப் படம் ஒன்றை எடுத்து அதைக் கழிக்கும். அருவி எடுக்கலாம். நட்சத்திரப் பாதை எடுக்கப்போனால் கோடு முழுக்க விட்டுவிட்டு இருக்கும்.

ஸ்டூடியோவில் ஃபிளாஷ் மாட்டியதும் வியூஃபைண்டர் கும்மிருட்டாகி, கேமரா ரிப்பேர் என்று கடைக்கு ஓடுபவர்களும் உண்டு. எக்ஸ்போஷரை முன்கூட்டிக் காட்டும் வசதியை அணைத்தால் வெளிச்சம் வந்துவிடும். முடிந்ததும் திரும்பப் போட்டுவிடுங்கள். ஃபிளாஷ் இல்லாத இடத்தில் மிரர்லெஸ் வாங்கியதற்கே அதுதான் காரணம்.

என் கேமராவில் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் இடங்களில் இப்போது சி1 மண்டபம், சி2 வெளிப்புறம். சைலன்ட் ஷட்டர் இரண்டிலும் இல்லை. சி3 ஒரு வருஷமாகக் காலியாகக் கிடக்கிறது.