தண்ணீரில் மூழ்கிய காரைக் கண்டுபிடிப்பது எப்படி

பேய்ப்படங்களில் குடும்பம் பங்களாவுக்குக் குடிவரும் காட்சியைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். இவ்வளவு பெரிய வீடு ஏன் இவ்வளவு மலிவு என்று ஒருத்தர்கூட வாய்திறந்து கேட்க மாட்டார்கள். பழைய கார் வாங்கப் போகிறவர்களும் அப்படித்தான். ஊரில் போகிற விலையைவிட எழுபதாயிரம் குறைத்துச் சொன்னதும் அட்வான்ஸை எடுத்து நீட்டிவிடுகிறார்கள்.

நான் மெக்கானிக் இல்லை. சொந்தத்தில் யார் பழைய வண்டி பார்க்கப் போனாலும் கூடப் போகிற ஆள், அவ்வளவுதான். எஞ்சினை மற்றவர்கள் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டு நான் முதலில் தேடுவது தண்ணீரை. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. அதே மாதம் 17, 18 தேதிகளில் தூத்துக்குடியும் நெல்லையும் மிதந்தன. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. அப்போது அடித்தள பார்க்கிங்கிலும் தெருவிலும் நின்ற கார்கள் எல்லாம் காயலான் கடைக்குப் போய்விடவில்லை. ரிப்பேர் செலவு பாலிசியில் போட்ட மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் இன்சூரன்ஸ்காரர்கள் ‘டோட்டல் லாஸ்’ என்று எழுதிவிடுவார்கள். அந்த வண்டியை யாராவது ஏலத்தில் எடுத்து, கழுவி, பாலிஷ் போட்டு, வெள்ளம் வராத ஊரில் கொண்டுபோய் நிறுத்துவார்கள்.

டயரின் பாதிக்குக் கீழேயே தண்ணீர் நின்றுவிட்ட வண்டியில் பெரிய குற்றம் இல்லை. சீட்டைத் தொட்டிருந்தால் வேண்டவே வேண்டாம்.

காலையில் போங்கள். வண்டியை ஸ்டார்ட் பண்ணி வைக்க வேண்டாம், கண்ணாடியை ஏற்றியே வையுங்கள் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். கதவைத் திறந்ததும் மூக்கை நம்புங்கள். ஈரச் சாக்கு வாடை வந்தால் தெரிந்துவிடும். மல்லிகை, எலுமிச்சை என்று ஏர் ஃப்ரெஷ்னர் வாசனை தூக்கலாக அடித்தால் எனக்கு இன்னும் சந்தேகம். ஏசியை உள்காற்றில் வைத்துப் பத்து நிமிஷம் ஓடவிட்டால் பூச்சு வாசனை போய் உள்ளே இருப்பது வெளியே வரும்.

அடுத்தது சீட் பெல்ட். எனக்கு இருப்பதிலேயே நம்பிக்கையான சாட்சி அதுதான். தினமும் நாம் போடும்போது பெல்ட்டில் பாதிதான் வெளியே வரும். மிச்சம் தூணுக்குள் சுருண்டு கிடக்கும். வாட்டர் வாஷ் பையன் கை அங்கே போகாது. மெதுவாகக் கடைசி முழம் வரை இழுத்து, நனைத்த வெள்ளைக் கர்ச்சீப்பால் அழுத்தித் துடையுங்கள். துணியில் செம்மண்ணோ சேறோ ஒட்டினால், அல்லது பெல்ட்டில் காபிக் கறை மாதிரி குறுக்குக் கோடு ஒன்று ஓடினால், தண்ணீர் அதுவரை வந்திருக்கிறது. பின்சீட்டு பெல்ட்டையும் விடாதீர்கள். பத்து வருஷ வண்டியில் பெல்ட் மட்டும் புதுசாகப் பளபளத்தால் ஏன் மாற்றினீர்கள் என்று கேளுங்கள்.

மச்சானுக்கு வண்டி பார்க்கப் போனபோது நான் பெல்ட்டை இழுக்க ஆரம்பித்ததுமே புரோக்கர், “அண்ணே, டாக்டர் வச்சிருந்த வண்டிண்ணே, ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் மட்டும்தான் ஓடுச்சு” என்றார். நம் ஊரில் விற்பனைக்கு வரும் கார்களில் பாதி டாக்டருடையது, மீதி பேங்க் மேனேஜருடையது. “சரிண்ணே, டிக்கியைத் திறங்க” என்றேன்.

டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கிவிட்டு அந்தக் குழியைத் தடவுங்கள். மூலையில் வண்டல் பொடி நிற்கும். ஜாக்கியும் ஸ்பேனரும் துருப்பிடித்திருக்கிறதா பாருங்கள். பிறகு செல்போன் டார்ச்சோடு குனிந்து சீட்டுக்கு அடியில் தண்டவாளம் மாதிரி இருக்கும் கம்பி, அதன் போல்ட்டுகள், டேஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் ஸ்க்ரூக்கள் எல்லாவற்றையும் பாருங்கள். மழையில் நனைந்த செருப்பால் தரைவிரிப்பு ஈரமாகலாம்; டேஷ்போர்டுக்கு அடியில் துரு அப்படி ஏறாது.

எஞ்சினுக்குள் தண்ணீர் போயிருந்தால் ஆயில் பால் கலந்த மாதிரி வெளுத்துவிடும். ஆனால் விற்க வருபவர் ஆயிலை எப்போதோ மாற்றியிருப்பார் என்பதால் அதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. உண்மையான தொல்லை ஒயரிங்கில்தான் இருக்கிறது. ஒயர்கள் சேரும் கனெக்டருக்குள் பச்சைக் களிம்பு பூத்து, எல்லாம் சரியாக ஓடி, ஆறு மாதம் கழித்து ஒரு நாள் ராத்திரி பைபாஸில் வண்டி அணைந்து நிற்கும். அதனால் சாவியைப் போட்டு, ஸ்டார்ட் செய்யாமல் மீட்டரைப் பாருங்கள். ஏர்பேக், ஏபிஎஸ், எஞ்சின் விளக்குகள் எல்லாம் எரிய வேண்டும், ஸ்டார்ட் செய்ததும் அணைய வேண்டும். அணையாத விளக்கு கெடுதல். எரியவே எரியாத விளக்கு அதைவிடக் கெடுதல், யாரோ கை வைத்திருக்கிறார்கள். நாலு ஜன்னல், வைப்பர், ஹாரன், ரிவர்ஸ் லைட் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். தெரிந்த மெக்கானிக்கிடம் வண்டியின் கம்ப்யூட்டரில் பதிந்த பிழைகளைப் படிக்கும் ஸ்கேனர் இருந்தால் கையோடு கூட்டிப் போங்கள். பழைய பிழைக் குறிகளைச் சமீபத்தில் அழித்திருந்தால் அதிலேயே தெரியும்.

காகிதத்தில் பலர் ஆர்சியோடு நின்றுவிடுவார்கள். பழைய இன்சூரன்ஸ் பாலிசியையும் கேளுங்கள். கிளைம் வாங்காத ஓனருக்கு நோ கிளைம் போனஸ் என்ற பிரீமியம் தள்ளுபடி முதல் வருஷம் 20 சதவீதத்தில் தொடங்கி 50 வரை ஏறும். ஒரே ஓனர், பல வருஷ வண்டி, போனஸ் மட்டும் பூஜ்யம் என்றால் முந்தைய வருஷம் கிளைம் வாங்கியிருக்கலாம். எதற்கு என்று அவர் சொல்லட்டும். நம்பர் பிளேட்டில் டிஎன் 11 தாம்பரம், டிஎன் 69 தூத்துக்குடி என்று இருப்பதை மட்டும் வைத்து வண்டியைத் தள்ளிவிடாதீர்கள். மாடியில் நின்ற வண்டிகளும் அங்கே உண்டு.

இதில் இரண்டு சேர்ந்து சிக்கினால் விலை குறைத்துக் கேட்காதீர்கள். பாதி விலைக்கு வாங்கினாலும் மீதிப் பணம் ஒயரிங்கிலேயே போய்விடும். “வீட்டில் கேட்டுச் சொல்றேண்ணே” என்று கிளம்பிவிடுங்கள். எதுவும் சிக்காமல் வாங்கிவிட்டால் ஆர்சியைப் பெயர் மாற்றுவதற்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கிக்கொண்டு, 14 நாளைக்குள் இன்சூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுங்கள். பழைய ஓனரின் போனஸ் அவரோடு போய்விடும், உங்களுக்கு வராது. அதைக் காட்டி புரோக்கர் விலை ஏற்றினால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.