தண்ணீர்க் குழாய்க்கும் பச்சை: மரபணுத்தொகுதிப் பகுப்பாய்வைத் திரையில் கண்காணிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்பில் மாரி மழை வந்தால் டெங்கும் பின்னாலேயே வரும். வைரஸின் மரபணுத்தொகுதியை ஆராயும் சர்வர் எங்கோ இருக்கும்; கல்லடியில் வீட்டு மேசையிலிருந்து இணையச் செயலியில் நான் பார்ப்பதெல்லாம் வரிசையாகப் பச்சைக் கட்டங்கள்: மாதிரிக்கு ஒரு கட்டம், வேலை முடிந்தால் பச்சை. ஒரு தடவை, வெறும் தண்ணீர் வைத்த சோதனைக் குழாயும் அந்த வரிசையில் பச்சையாக நின்றது. மாசு புகவில்லை என்று காட்டவே அந்தக் குழாய். அதற்குள் டெங்கு மரபணுத் துணுக்குகள் ஆயிரக்கணக்கில்! பகுப்பாய்வுப் படிகளை வரிசையாக ஓட்டும் நிரலான பைப்லைனுக்கு அதைப்பற்றி என்ன கவலை? கொடுத்த வேலையை முடித்தது, பச்சை போட்டது.

'முடிந்தது' என்பதைச் 'சரி' என்று வாசிப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. டெங்கு வைரஸின் மரபணுத்தொகுதி ஏறத்தாழ 10,700 எழுத்துகள் நீளம். இயந்திரம் வாசித்த துணுக்கு எதுவும் விழாத இடத்தில், தெரியாது என்று பொருள்படும் 'என்' குறியை இட வேண்டும். நிரலின் அமைப்புகளைக் கவனிக்காமல் விட்டால், ஒப்பிட வைத்த ஆதாரத் தொடரின் எழுத்தைக் கொண்டே அந்த ஓட்டை அடைபட்டுவிடலாம். பாதிகூட வாசிக்கப்படாத வைரஸ் முழுமையானதுபோலத் தோன்றும். டெங்குவில் நான்கு வகைகள் வேறு. இரண்டாம் வகையின் துணுக்குகளை மூன்றாம் வகையின் தொடரோடு பொருத்திவிட்டு, மாதிரி பழுது என்று நல்ல மாதிரியைத் தூக்கியெறிபவர்களும் உண்டு. பொருந்திய துணுக்குகளின் சதவீதமும் 'என்' குறிகளின் எண்ணிக்கையும் பச்சைக் கட்டத்துக்குப் பக்கத்திலேயே தெரிய வேண்டும். தண்ணீர்க் குழாய்க்கு விதி தலைகீழ்: துணுக்குகள் கூடினால் சிவப்பு.

வாசிக்கும் இயந்திரத்தின் கோப்புறை சர்வரில் கண்ணில் பட்டதும் பகுப்பாய்வைத் தொடங்குவது, கரைவலை கரையேறுமுன் மீனை எண்ணுவது போன்றது. இலுமினா நிறுவனத்தின் மரபணு வாசிக்கும் நோவாசெக் 6000 இயந்திரம், கோப்புகள் எல்லாம் பிரதியான பிறகு 'காப்பி கம்ப்ளீட்' என்றொரு கோப்பை எழுதும். அதற்குக் காத்திருங்கள்.

பிழை எண் 137 வந்தால், பெரும்பாலும் நினைவகம் போதாமல் இயங்குதளமே வேலையைக் கொன்றிருக்கும். அதே நினைவக அளவோடு 'மீண்டும் ஓட்டு' பொத்தானை அழுத்திப் பயனில்லை. நானும் அழுத்தியவன்தான்.

மின்வெட்டில் சர்வர் நின்றுபோனால், கடைசியாக வந்த செய்தியையே திரை காட்டிக்கொண்டிருக்கும்: 'ஓடுகிறது'. தோல்வியை மின்னஞ்சலில் அறிவிக்கும் ஏற்பாடும் கைகொடுக்காது. அனுப்ப வேண்டியதே செத்துக்கிடக்கிறது. பத்து நிமிடம் சத்தமில்லாவிட்டால் எச்சரிக்கும் காவல் வேறோர் இடத்தில் இருக்க வேண்டும். கடைசியாகப் புதுப்பித்த நேரமும் தெரிய வேண்டும், அதுவும் இலங்கை நேரத்தில். உலகப் பொது நேரம் 19:10 என்றால் நமக்கு மறுநாள் 00:40. எந்த நாளின் ஓட்டம் என்று பாதி இரவு குழம்பியிருக்கிறேன்.

நோயாளியின் பெயரைத் திரையில் போடாதீர்கள். குறியீட்டு எண் போதும். எங்கள் ஊரில் பெயரையும் கிராமத்தையும் பார்த்தாலே யாருடைய பிள்ளை என்று சொல்லிவிடுவார்கள்.